சராசரிக் காற்று

கதவு திறக்கவில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கமருதீன். மணிக்கொரு தரம் டீக்கு எழுந்து போகிறவர் அவர்தான். கைப்பிடியைத் திருகினார், தோளால் ஓர் இடி இடித்தார், பிறகு நிலைக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"மேடம், நம்ம தாழே நம்மள வெளிய விடமாட்டேங்குது" என்றார்.

சகாயமேரி நிமிரக்கூட இல்லை. காலையிலிருந்து அந்தச் சின்ன அறையில் வச்சிரம் உருக்காலையின் மனுவுக்கு மறுப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். புதுத்துறை வழக்கறிஞர்களின் காற்றுச் சட்டக் குழு என்று பெயர்ப் பலகையில் பெரிதாகப் போட்டிருந்தாலும் ஆட்கள் மூன்றே பேர். தலைவர் வேதமூர்த்தி, எழுபதைத் தாண்டியவர், அந்த ஊர்ப் புகையிலேயே வளர்ந்து நுரையீரலில் பாதியைத் தொலைத்தவர். செயலாளர் கமருதீன். காற்றுத்தாழ்ச் சட்டத்தை வரி வரியாக வரைந்து கொடுத்த சகாயமேரி.

காற்றுத்தாழ் என்பது உள்ளங்கை அகலப் பெட்டி. வெளியேறப் பார்க்கும் காற்றைச் சமையற்காரர் குழம்பைப் பார்ப்பதுபோல ருசி பார்க்கும். கந்தகமோ தூசியோ கரியமில வாயுவோ வரம்புக்கு மேல் இருந்தால் வழியை இறுக்கிப் பூட்டிவிடும். முதலில் புகைபோக்கிகளுக்கு மட்டும்தான் மாட்டினார்கள். உருக்காலைக்காரர்கள் கில்லாடிகள். புகையைக் குழாய் போட்டு அலுவலகக் கட்டடத்துக்குள் இழுத்து, ஜன்னல் வழியாக விட்டார்கள். சகாயமேரி தனக்கு வந்த கோபத்தில் 'எந்தக் கட்டடத்தின் எந்தத் திறப்பும்' என்று சட்டத்தையே திருத்த வைத்தாள். அன்றிலிருந்து இட்லிக் கடைக் கதவு முதல் நீதிமன்றக் கழிப்பறை ஜன்னல் வரை தாழ் ஏறிவிட்டது. ஜன்னல்களுக்குச் சுத்தியலுக்கும் அசையாத கண்ணாடி வந்தது. மனிதர்கள் விடும் மூச்சை விழுங்க அறைக்கு ஒரு கரியுறிஞ்சி வைத்தார்கள். அது விழுங்கிக்கொண்டே இருக்கும்வரை தாழ் இருப்பதே யாருக்கும் தெரியாது.

இந்த அறையின் உறிஞ்சியில் தகடுகள் தேய்ந்து நாளாகியிருந்தது. மாற்ற வேண்டும் என்ற தீர்மானம் ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசியாக வரும். கடைசிக்கு வந்து சேரும்போது இருட்டியிருக்கும். வக்கீல்களுக்குத் தெரிந்த ஒரே மருந்தைப் போட்டார்கள், வாய்தா. போன கூட்டத்திலும் வாய்தாதான். ஊருக்கெல்லாம் காற்றைக் காவல் காத்தவர்கள் தங்கள் அறையின் காற்றை அடுத்த தேதிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள்.

வேதமூர்த்தி இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினார். அப்போதுதான் சகாயமேரி எழுந்தாள். எழுந்ததும் தலை சுற்றியது. காலையிலிருந்து தலைவலிக்கு உருக்காலையைத் திட்டிக்கொண்டிருந்தவளுக்கு, அது தாங்கள் மூவரும் விட்ட மூச்சு என்று இப்போதுதான் உறைத்தது. காற்று வெளியே போகாத இடத்தில் புதுக்காற்று உள்ளே வரவும் வழியில்லை. உள்ளே இருப்பதையே திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

கமருதீன் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார். வண்டி சீக்கிரமே வந்தது. வெட்டும் இயந்திரத்தோடு படியேறி வந்த அதிகாரி கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, மிகுந்த மரியாதையுடன், காற்று நடுவத்தின் உத்தரவு இல்லாமல் தாழில் கைவைக்க முடியாது என்றார். தாழை அறுப்பதும் திறப்பதுதான் என்று வாதாடி வென்றது யார் என்பது அவருக்குத் தெரியாது. உள்ளே இருந்த மூவருக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

காற்று நடுவம் என்பதும் இயந்திரம்தான். ஒவ்வொரு தாழின் பக்கத்திலும் அதற்கு ஒரு வாயும் காதும் உண்டு. யாரும் அங்கேயே நின்று மனு சொல்லலாம், அங்கேயே தீர்ப்பும் கிடைக்கும். லஞ்சம் வாங்காது, ஆள் பார்க்காது. அது ஒரு தாழுக்குச் சொன்ன சட்டம் அந்த நொடியே ஊரிலுள்ள எல்லாத் தாழுக்கும் போய்ச் சேரும். பணக்காரன் கதவுக்கு ஒரு சட்டம், மீனவர் குப்பத்துக்கு ஒரு சட்டம் என்று இருக்கக் கூடாது என்பதற்காக அந்த விதியைக் கேட்டு வாங்கியவளும் சகாயமேரிதான். அதற்காக ஊரில் அவளுக்கு மாலை போட்டார்கள்.

அவள் நடுவத்தின் முன் நின்று, உள்ளே ஒரு முதியவர் மூச்சுத் திணறுகிறார், உயிர் ஆபத்து, கதவைத் திறக்க வேண்டும் என்றாள்.

"உயிர் ஆபத்து விலக்கு நீக்கப்பட்டுவிட்டது. மனு தள்ளுபடி" என்றது நடுவம். அதன் குரலில் எப்போதும் ஒரு கனிவு இருக்கும்.

நீக்க வைத்ததும் இவர்கள்தான். ஒருமுறை உருக்காலைக்காரர்கள் இரண்டு தொழிலாளிகளைப் புகைபோக்கி அறைக்குள் நிற்க வைத்து, உயிர் ஆபத்து என்று மனுப் போட்டு, ராத்திரி முழுக்கப் புகையை விட்டார்கள். அந்த விலக்கை ஒழிக்க வேதமூர்த்தி ஒரு நாள் முழுதும் நின்றுகொண்டே வாதாடினார். ஒவ்வொரு விலக்கும் ஒரு புகைபோக்கி என்று அவர் அன்று சொன்னது அடுத்த நாள் எல்லாச் செய்தியிலும் வந்தது. இப்போது அவர் நாற்காலியிலிருந்து சரிந்து, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது.

பேசாமல் இருந்தால் காற்று கொஞ்சம் மிச்சமாகும் என்று முடிவு செய்தார்கள். வக்கீல்கள் எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார்கள்? கமருதீன்தான் முதலில் தோற்றார். அவர் பார்வை மேஜைமேல் கிடந்த உருக்காலையின் மனுவில் நிலைத்திருந்தது.

"மேடம், ஒரு வழி இருக்கு. சொன்னா அடிப்பீங்க."

சொல்லவே வேண்டியதில்லை. அவளுக்கும் அதே நினைப்புதான் வந்திருந்தது, வந்ததற்காகத் தன்னையே வெறுத்துக்கொண்டிருந்தாள். உருக்காலை கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு திறப்பிலிருந்து இந்த நிமிடம் என்ன வருகிறது என்று பார்க்காதே, வருடம் முழுதும் எவ்வளவு வந்தது என்று கூட்டிச் சராசரி பார். இந்த அறையில் குழு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடுகிறது. மற்ற நாளெல்லாம் காலி. சராசரி பார்த்தால் இந்தக் கதவுபோலச் சுத்தமான கதவு ஊரில் கிடையாது. உடனே திறந்துவிடும்.

உருக்காலைப் புகைபோக்கியும் இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அதன் சராசரி பூஜ்ஜியம். இரண்டு வருடப் புகையை அடைத்து வைத்த கிடங்குகள் குப்பத்தின் தலைமாட்டில் வரிசையாக நிற்கின்றன.

குப்பத்தில் அவள் தங்கை பிலோமினா இருந்தாள். இந்த இரண்டு வருடமாகத்தான் அவள் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையை வெளியே கொடியில் காயப்போடுகிறாள். காய்ந்து எடுக்கும்போதும் அது வெள்ளையாகவே இருக்கிறது என்று முதல் தடவை போன் செய்து சொன்னபோது இருவருக்குமே அழுகை வந்துவிட்டது.

"வேணாம்மா" என்றார் வேதமூர்த்தி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. "நான் போனா ஒரு ஆளு. அதைத் திறந்துவிட்டா..."

முடிக்கவில்லை. கண் செருகியது. கமருதீன் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கதவு திறந்த அடுத்த நிமிடமே மேல்முறையீடு போட்டுவிடலாம், உருக்காலைக்காரன் சாவியைத் தேடி முடிப்பதற்குள் தடை வாங்கிவிடலாம் என்று கெஞ்சினார். நல்ல காற்றில் உட்கார்ந்திருந்தால் சகாயமேரி அதில் இருந்த ஓட்டையை அந்த நொடியே பார்த்திருப்பாள். அந்த அறையின் காற்றில் மூளை மந்தித்துப்போயிருந்தது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு நீல உதடு. கறுப்புக் கோட்டும் கையுமாக முதல் நாள் நீதிமன்ற வாசலில் நின்ற மீனவப் பெண்ணை, யார் என்ன என்று கேட்காமல் ஜூனியராகச் சேர்த்துக்கொண்ட மனிதர் அவர்.

நடுவத்தின் முன் போய் நின்றாள். உருக்காலையின் வாதத்தை, உருக்காலையின் வக்கீலைவிட அழகாகச் சொன்னாள். அத்தனை நாள் அதை உடைக்கவென்றே படித்தவள், அதன் பலம் அவளுக்கு அத்துப்படி.

"இந்த வாதத்துக்குப் பதிவான எதிர்த்தரப்பு ஒன்று உண்டு. காற்றுச் சட்டக் குழு. அதன் ஆட்சேபத்தைக் கேட்காமல் உத்தரவிட இயலாது" என்றது நடுவம்.

"அந்தக் குழுவுக்காகவும் நானே ஆஜராகிறேன்."

"ஆட்சேபம் உண்டா?"

அவள் தரையில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியவில்லை.

"இல்லை" என்றாள்.

சிவப்பு விளக்கு பச்சையானது. தாழ் கழன்றது. தீயணைப்பு வீரர்கள் உள்ளே பாய்ந்து வேதமூர்த்தியை வராந்தாவுக்குத் தூக்கிப் போனார்கள். கடற்காற்று அடித்தது. அவர் ஒரு தடவை விக்கினார், இன்னொரு தடவை இழுத்தார், கண்ணைத் திறந்தார். கமருதீன் வாய்விட்டு அழுதார். சகாயமேரி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் குடித்ததிலேயே இனிப்பான காற்றைக் குடித்தாள்.

அதை அவள் முழுதாகக் குடித்து முடிக்கவில்லை. வடக்கே, குப்பத்துக்கு மேலே, இரண்டு வருடமாகச் சும்மா நின்ற புகைபோக்கி இருமுவதுபோல ஒரு தடவை அதிர்ந்தது. யாரும் சாவி தேடவில்லை. பூட்டியதும் தாழ், திறந்ததும் தாழ். கறுப்பாக ஒன்று கிளம்பி, மேலே போகத் தெம்பில்லாமல் பக்கவாட்டில் சரிந்து, கூரைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தது. வீரர்கள் முகமூடியை மாட்டினார்கள். அந்த நுரையீரலோடு கிழவரைத் தெருவில் இறக்க முடியாது என்றார் அதிகாரி.

"உள்ள கொண்டுபோங்க. கதவைச் சாத்துங்க" என்றார் வேதமூர்த்தி.

அதே அறை, அதே நாற்காலி. கதவைச் சாத்தியவள் சகாயமேரி. தாழின் விளக்கு இந்த முறை பச்சையாகவே எரிந்தது.

திரும்பி நின்று நடுவத்திடம் மேல்முறையீடு என்றாள். அது அவள் பெயரைக் கேட்டது. பிறகு அதே கனிவோடு சொன்னது. "உத்தரவுக்குச் சம்மதித்த தரப்பு மேல்முறையீடு செய்ய இயலாது."

அவளுக்கு இப்போது எல்லாம் தெளிவாக ஞாபகம் வந்தது. உருக்காலைக்காரன் இன்று சம்மதித்துவிட்டு நாளை வழக்குப் போடுகிறான் என்று சொல்லி, அந்த விதியையும் அவள்தான் வாங்கினாள். பாதிக்கப்பட்ட வேறு யாராவது புதிதாக மனுச் சொன்னால்தான் உண்டு. யாராவது சொல்வார்களா என்று யோசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. பிலோமினா. பின்னால் பிள்ளைகள் இருமுவது கேட்டது.

"அக்கா, திடீர்னு தொறந்து வுட்டுட்டானுங்க. வூட்டு ஜன்னலாண்ட நின்னு அந்த மிஷின்கிட்ட மனு சொல்லினுகீறேன், நீ சொல்லிக் குடுத்த மாரியே. அது எதிர்த்தரப்பு பேரு கேக்குது. உத்தரவு வாங்குனது யாரோ, அவங்க பேரைத்தான் சொல்லணுமாம். உருக்காலைன்னு சொன்னேன். இல்லன்னுது. யாருக்கா அது? உனக்குத் தெரியுமா?"

வேதமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். கமருதீன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை.

"தெரியும்" என்றாள் சகாயமேரி. "நான் சொல்றதை அப்படியே அதுகிட்ட சொல்லு, பிலோ. நடுவுல நிறுத்திடாத."

பிறகு தன் பெயரையும் அப்பாவின் பெயரையும் நிதானமாக, நீதிமன்றத்தில் சொல்வதுபோலவே சொன்னாள்.