மூடிய பங்க்... திறந்த கிணறு!

"ஐயோ... தீ! கிணத்துல தீ!"

பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டின் பின்பக்கமிருந்து கிளம்பிய அலறல், தறிச் சத்தத்தையே நிறுத்தியது.

அன்று ஆடிப்பெருக்கு. சாயப்பட்டறை முதலாளி கலியாணசுந்தரம் வருடா வருடம் செய்வதைத்தான் அன்றும் செய்தார். கிணற்றுச் சுவருக்குப் பொட்டு வைத்தார். பூ சாத்தினார். தட்டில் கற்பூரம் ஏற்றி, உள்ளே குனிந்து காட்டினார்.

பதிலுக்குக் கிணறு நெருப்பைக் காட்டியது!

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

"தண்ணியில பெட்ரோல் மிதக்குது மேடம்!" ஏட்டு சீனிவாசன் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணவேணி இடிந்த மதிலுக்கு அப்பால் பார்த்தாள். எட்டு வருடமாக மூடிக் கிடக்கும் பெட்ரோல் பங்க். துருப்பிடித்த கூரை. இடுப்பளவு எருக்கஞ்செடி.

"இந்த நாத்தம் அவருக்குத் தெரியலையா ஏட்டு?"

எப்படித் தெரியும்? காலமெல்லாம் ஆசிட் முகர்ந்த மூக்கு. மல்லிகையும் மண்ணெண்ணெயும் அதற்கு ஒன்றுதான்.

செத்தவரின் மனைவி ஜெயப்ரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"பங்க்காரன்தான்மா கொன்னுட்டான்! பூமிக்குள்ள டாங்கியை அப்படியே வுட்டுட்டுப் போய்ட்டான். ஒழுகி ஒழுகி எங்க கிணத்துக்கு வந்துடுச்சு!"

செத்தவரின் தம்பி வேல்முருகன் பாய்ந்து வந்தான்.

"அவனை அரெஸ்ட் பண்ற வரைக்கும் நாங்க ரோட்டை வுட்டு எழுந்துக்க மாட்டோம் மேடம்!"

சொன்னபடியே உட்கார்ந்தார்கள். தெருவே உட்கார்ந்தது.

மறுநாள் பங்க் முதலாளி தர்மன் லாக்கப்பில் இருந்தார். திருப்புட்குழிக்காரர். நிலத்தை விற்று பங்க் வைத்து, பங்க்கையும் தொலைத்த மனிதர்.

"மூடறப்பவே டாங்கியைக் காலி பண்ணி மணல் ரொப்பிட்டேன்மா."

"அதைக் கோர்ட்டுல சொல்லுங்க."

"சொல்றேன். ஆனா ஊரு என்னை கொலைகாரன்னுதானே சொல்லும்? எம் பொண்ணு வெளிய தலை காட்ட முடியுமா?"

அவர் அழவில்லை. அதுதான் கிருஷ்ணவேணியை உறுத்தியது.

டி.எஸ்.பி. போனில் கத்தினார். "நாளைக்குக் காலையில அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போறீங்க. அவ்ளோதான்!"

சாயங்காலம் அபிநயா வந்தாள். மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதிக்க வந்திருந்த நிபுணர். ஜீன்ஸ் முழுக்கச் சேறு.

"டாங்கியைச் சுத்தி எல்லா பக்கமும் துளை போட்டுப் பார்த்துட்டேன் மேடம். மண்ணுல பெட்ரோலே இல்ல."

"இல்லையா?"

"ஆனா இது இருக்குது!"

அவள் ஒரு களிமண் கட்டியை உடைத்தாள். உள்ளே ஊதாவும் சிவப்புமாக வரிகள்... பிணவாடை!

"சாயக்கழிவு. மதிலோரமா ஒரு பழைய போர்வெல் குழி இருக்குது. ரொம்ப நாளா அதுல பட்டறைக் கழிவை இறக்கிக்கினு இருந்திருக்காங்க. தெரு தண்ணி பூரா நாசம்!"

அந்தத் தெருக் குழந்தைகளின் கைகால் புண்களைக் கிருஷ்ணவேணி நேரில் பார்த்திருந்தாள்.

"கலியாணசுந்தரம் கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தாராம். எதுக்குன்னு இப்ப புரியுது!"

"அப்ப பெட்ரோலை யாரோ கையால ஊத்தியிருக்காங்க மேடம்."

"அவரு பேருக்குத்தான் முதலாளி. பட்டறையை நடத்தறது தம்பியும் பொண்டாட்டியும். ரெண்டு பேர்ல யாரு? தர்மனை வுடணும்னா உங்க லேப் ரிப்போர்ட் வேணும். எப்ப வரும்?"

"ரெண்டு வாரம்."

"கிழிஞ்சுது!"

அபிநயா தயங்கினாள். "மேடம்... ஒரு பொய் சொல்லலாமா?"

"போலீஸ் ஸ்டேஷன்ல வந்து இதுக்குப் பர்மிஷன் கேக்கறீங்களே!"

விசாரணை என்று இருவர் போனையும் வாங்கி வைத்தாள் கிருஷ்ணவேணி. ஜெயப்ரியா வீட்டு வாசலில் ஒரு பெண் போலீஸ். எதிர்த்தெருவில் குடியிருக்கும் வேல்முருகன் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. ஒருவரோடு ஒருவர் பேச வழியே இல்லை.

முதலில் வேல்முருகன்.

"பங்க் டாங்கி பக்கத்துல மஞ்சள் சாயம் ஊத்தியிருக்கோம்," என்றாள் அபிநயா. "டாங்கி ஒழுகுற வழியிலயே அதுவும் போகும். காலையில உங்க கிணத்துல மஞ்சள் தெரிஞ்சா பங்க்தான் குத்தவாளி. தெரியலைன்னா... பெட்ரோலை யாரோ ஊத்தியிருக்காங்க."

அவன் வேகமாகத் தலையாட்டினான். "கண்டிப்பா தெரியும் மேடம்!"

அடுத்து ஜெயப்ரியா. அதே கதை. நிறம் மட்டும் வேறு.

"நீலமா?" என்று கேட்டுக்கொண்டாள் அவள். "வரும்மா... வராம எங்க போவும்?"

கிணற்றுப் பக்கம் காவல் போடவில்லை. வீட்டுப் பின்கதவு வழியாகவும் வரலாம். இடிந்த மதிலைத் தாண்டியும் வரலாம். வருகிறவர் வரட்டும்!

விடிந்தது.

கிருஷ்ணவேணி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். திக்கென்றது!

மஞ்சள் இல்லை. நீலமும் இல்லை.

பச்சை!

பளீரென்ற கிளிப்பச்சை!

"என்னம்மா இது? பச்சைன்னு நாம யாருக்கும் சொல்லலையே! மூணாவதா எவன் வந்தான்?"

போன் அலறியது. ஸ்டேஷனிலிருந்து. "மேடம், தர்மனை ஜீப்புல ஏத்திட்டோம். கோர்ட்டுக்குக் கிளம்பவா?"

"இரு..."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மறுபடி குனிந்தாள். பச்சை... பச்சை...

"ஏட்டு! மஞ்சளோட நீலம் சேர்ந்தா என்னய்யா ஆவும்?"

"பச்சை மேடம். இது கூடவா..." சீனிவாசனின் வாய் திறந்தபடியே நின்றது.

"ரெண்டு பேரையும் கூட்டிக்கினு வாங்க!"

வேல்முருகன் ஓடி வந்தான். "வந்துடுச்சா? சொன்னேனே மேடம், மஞ்சள் வரும்னு!"

"மஞ்சளா?" பின்னால் வந்த ஜெயப்ரியா திகைத்தாள். "நீலம்தானே..."

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ரத்தம் வற்றியது.

"அண்ணி... நீங்களும் ஊத்துனீங்களா?"

"வாயை மூடுடா வேலு!"

லேட்!

அபிநயா நிதானமாகச் சொன்னாள். "நாங்க ஒரு சொட்டு கூட ஊத்தல. மண்ணுக்குள்ள தண்ணி நத்தையை விட மெதுவா போகும். பங்க்லேர்ந்து இங்க வர மாசக்கணக்காகும். சாயத்தொட்டியில போட்டதும் பரவுதே, அதே மாதிரி பூமிக்குள்ளயும் பரவும்னு நெனச்சிட்டீங்க."

ஜெயப்ரியாவின் அழுகை நின்றுபோயிருந்தது.

"கலெக்டர்கிட்ட போனா எங்களை உள்ள தள்ளிடுவாங்கன்னு அவருக்குத் தெரியும்மா. தெரிஞ்சும் போறேன்னாரு. கட்டுனவளை விட தெருப்புள்ளைங்க பெருசாப் போச்சு அவருக்கு!"

"கற்பூரத்தோட அவர் குனியறப்போ... பக்கத்துல நின்னு பார்த்துக்கினு இருந்தீங்களா?"

அவள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். நின்றிருக்கிறாள்!

கிருஷ்ணவேணி அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். போனில் சொன்னாள். "தர்மனை இறக்குங்க. டீ வாங்கிக் குடுங்க. நான் வந்து அவர்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

இருவரையும் வண்டியில் ஏற்றினார்கள். அண்ணி ஒரு ஜன்னல் பக்கம், கொழுந்தன் மறு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

கிருஷ்ணவேணி கதவை அறைந்து சாத்தினாள்.

"ஜெயிலுக்குப் போறதுக்குள்ளயாவது ரெண்டு பேரும் கொஞ்சம் கலந்து பேசிக்குங்கப்பா!"