தண்ணீர் வைக்காத படையல்

பள்ளி வேன் வாசலில் நின்றது. ஷர்வின் இறங்கி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு, அண்ணாந்து "மா, தண்ணி" என்றபோதுதான் கலாதேவிக்கு அந்த வாசம் முதலில் பட்டது. ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் என்ன வாசம் இருக்கும்? பிஸ்கட் வாசம், பால் வாசம், கேண்டீனில் தின்ற மீ கோரேங் வாசம். இது அதெல்லாம் இல்லை. கூடையின் அடியில் மறந்துபோன வாழைப்பழம் கறுத்து நீர்விட்டால் ஓர் இனிப்பு எழும் பாருங்கள், அந்த இனிப்பு. அதற்குப் பின்னால் மூக்கின் உள்ளே கீறுகிற ஒரு புளிப்பு. அவள் சட்டென்று முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருப்பிய பிறகுதான், இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் இதே மாதிரி இதே பக்கம் திருப்பியது நினைவுக்கு வந்தது.

அது கள்ளு வாசம்.

"டேய், யாரு உனக்கு என்ன குடுத்தா?"

"யாரும் குடுக்கலமா. தண்ணி."

புத்தகப் பையைக் கவிழ்த்தாள். நீலத் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முகர்ந்தாள். வெறும் பிளாஸ்டிக் வாசம். அதற்குள் பிள்ளை அடுப்படிக்குப் போய்விட்டான். முக்காலியில் ஏறி, டம்ளர் எடுக்கக்கூடப் பொறுக்காமல், குழாயிலேயே வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். மடக் மடக்கென்று. முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தச் சின்ன முதுகு ஒவ்வொரு மிடறுக்கும் ஏறி இறங்கியது.

தீபாவளி முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. செத்தவர்களுக்குப் படையல் போட்டால் அவரவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டும் என்பது ரப்பர் தோட்டத்திலிருந்து ஈப்போ டவுனுக்குக் கூடவே வந்துவிட்ட பழக்கம். ஒரு வீட்டில் சுருட்டு வைப்பார்கள், ஒரு வீட்டில் ஸ்டவுட் பீர் வைப்பார்கள். கலாதேவி மட்டும் தன் அப்பா உடையப்பனுக்குக் காப்பியோடு நிறுத்திக்கொள்வாள். யாராவது கேட்டால், "எங்கப்பாவுக்குக் காப்பின்னா உசுரு" என்பாள். இந்த வருடம்தான் அண்ணன் மகேந்திரன் கோலா கங்சாரிலிருந்து போன் பண்ணி, "ஒரு வருசமாச்சும் அப்பாவுக்குப் புடிச்சத வையி கலா. வெறுங்காப்பிக்கா அந்த மனுசன் அம்புட்டுத் தூரத்துலேர்ந்து வருவாரு?" என்று சிரித்தான். அவள் புருஷன் தீபன் கேமரன் மலைக்கு லாரி ஓட்டுகிறவன். தாப்பா பக்கம் தேடி ஒரு போத்தல் கள்ளு வாங்கி வந்து கொடுத்தான். அதைச் செய்தித்தாளில் சுற்றி, பார்க்கிறவர் கண்ணில் படாமல் இலையின் ஓரத்தில் வைத்தாள். சாமியறைக் கதவைச் சாத்தினாள். செத்தவர் சாப்பிட நேரம் விட்டு, பிறகு மூன்று தடவை தட்டிவிட்டுத் திறந்தாள். சாப்பிடுகிறவர் திடுக்கிட்டுப் போகக் கூடாது அல்லவா?

அப்போது ஷர்வின்தான் சொன்னான். "மா, தாத்தாவுக்குத் தண்ணி வைக்கலையே."

"ஷ்ஷ்" என்றாள். மறுநாள் போத்தலை எடுத்து அடுப்படித் தொட்டியில் கொட்டிவிட்டாள். கொட்டும்போது நிறையத்தான் இருந்தது. இருந்ததா? இப்போது நினைத்துப் பார்த்தால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வேனுக்குக் காத்து நிற்கையில், மூன்றாம் வீட்டுக் கத்தரின் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னலா கலா, பையன் இப்படி இளைச்சிட்டான்? சோறு போடுறியா, இல்ல சோத்துப் படத்தக் காட்டுறியா?"

"வளர்ற வயசுக்கா."

கத்தரின் குனிந்து அவன் கன்னத்தைக் கிள்ளினாள். கிள்ளிய விரல் அப்படியே நின்றது. "என்ன வாடை இது? தீபன் வந்துட்டானா? கள்ளுக்கடை மாதிரில்ல இருக்கு!"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் கலாதேவிக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. "தாப்பாய் வாங்கிக் குடுத்தேங்க்கா, பசார்ல" என்றாள். மலாய்க்காரர்கள் சோற்றைப் புளிக்கவைத்து இலையில் மடித்து விற்கிற பலகாரம் அது. பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

"இத்துனூண்டு பிள்ளைக்குத் தாப்பாயா? பைத்தியம்லா நீ. கிளினிக்குக் கூட்டிட்டுப் போ. மூஞ்சே சரியில்ல."

கிளினிக்! அங்கே போனால் நர்ஸ் மூக்கைச் சுளிப்பாள். உள்ளே போய் இன்னொருத்தியிடம் சொல்வாள். ஏழு வயசுப் பிள்ளை வாயில் கள்ளு வாடை என்று எழுதி வைப்பார்கள். தோட்டத்து ஆளுங்க வேற எப்படி இருப்பாங்க என்று, வாயைத் திறந்து சொல்லாமலே கண்ணால் சொல்வார்கள். அந்தக் கண்ணுக்குத் தப்பித்துத்தானே படித்தாள், திரைச்சீலைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், பிள்ளைக்கு இஸ்திரி போட்ட சட்டை போட்டு அனுப்புகிறாள்? அவள் அன்றைக்கு அவனைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. சோப்பைத் தொட்டு அவன் பல்லையும் நாக்கையும் தேய்த்துவிட்டாள். அவன் அழுதான். பத்து நிமிடத்தில் வாசம் திரும்பி வந்தது.

அன்றிரவு அவன் படுக்கையை நனைத்தான். இரண்டு தடவை. மூன்று வயதில் நின்றுபோன பழக்கம். அவள் விரிப்பை மாற்றிவிட்டு, நீலப் போத்தலை நிறைய நிறையத் தண்ணீரோடு எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். "ராத்திரிக்குத் தண்ணி கெடையாது. மூத்தரம் போயிப் போயி வீடே நாறுது" என்றாள். அவன் உதட்டை நக்கிக்கொண்டே அந்தப் போத்தலைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

அவளுக்குத் தூக்கம் வரவில்லை. வராதது நல்லதுதான், கண்ணை மூடினால் சுங்காய் பக்கத்துத் தோட்டத்தில் வரிசை வீடுகளாக இருந்த லயம்தான் வருகிறது.

அவளுக்கு அப்போது பதினேழு வயது. அப்பா கோயிலில் சத்தியம் பண்ணிக் குடியை விட்டு ஆறு மாதம். அன்று அவள் டீச்சர் டவுனிலிருந்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தார், கலாவை மேலே படிக்கவைக்கச் சொல்லி வீட்டில் பேசுவதற்காக. மத்தியானம் மூன்று மணி. ரப்பர் பால்மரக் கறை படிந்த காக்கிச் சட்டையோடு, படியில் தள்ளாடிக்கொண்டு ஏறினார் அப்பா. அவள் குறுக்கே போய் நின்றாள். அவர் வாயைத் திறந்ததும் அந்த வாசம். முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"குடிக்கல தாயி" என்றார். "தண்ணி மட்டும் குடு."

"வெக்கமா இருக்கு. போயிருங்க" என்றாள், டீச்சருக்குக் கேட்காத குரலில். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். மூன்று தடவை தட்டினார். பிறகு தட்டவில்லை. டீச்சர் போனபின் பார்த்தால், லயத்து முனையிலிருந்த பொதுக் குழாயைக் கட்டிக்கொண்டு, அதன் வாயில் வாய் வைத்தபடி கிடந்தார். காலையிலும் சாயங்காலமும் மட்டும் தண்ணீர் வருகிற குழாய் அது. குடித்துச் செத்தான் என்று தோட்டமே சொன்னது. அவளும் சொன்னாள். கதவைப் பற்றி மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தீபனிடம்கூட.

சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பின்பக்கத்துச் சுண்ணாம்பு மலை தெரியாத அளவுக்குக் கொட்டியது. வீட்டுக்குள் மத்தியானமே மங்கலாகி, சன்னல் எல்லாம் சாத்தியதில் அந்த வாசம் சுவரில், திரையில், அவள் தலைமுடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தீபனுக்குப் போன் போகவில்லை. மலையில் லைன் இல்லை. ஷர்வின் காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி எடுத்துவிட்டு வயிறு வலிக்கிறது என்று சோபாவில் சுருண்டிருந்தான். கண் சொருகிச் சொருகிப் போனது. ஆனால் மூச்சு மட்டும் தூங்குகிற பிள்ளையின் மூச்சாக இல்லை. மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தவன் வாங்குகிற மாதிரி, ஆழமாக, நீளமாக, அறையிலிருந்த காற்றை எல்லாம் உள்ளே இழுத்து அந்த வாசமாக மாற்றி வெளியே விடுகிற மாதிரி இருந்தது. ஒரு சின்ன நெஞ்சில் அவ்வளவு பெரிய மூச்சுக்கு எங்கே இடம்?

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

மூன்று தட்டு.

அவள் அசையவில்லை.

"கலா! நான்தான்லா, கத்தரின். கஞ்சி கொண்டாந்திருக்கேன். கதவத் தொற."

கதவைத் திறந்தால் வாசம் தெருவுக்குப் போய்விடும். அவள் மெல்ல எழுந்துபோய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். "பையன் தூங்குறான்கா. அப்புறம் வாங்க."

செருப்புச் சத்தம் மழையில் தேய்ந்து போனது.

அவள் கை இன்னும் தாழ்ப்பாளில் இருந்தது.

மறுபடி தட்டு. மெதுவாக. மூன்று.

கதவின் கீழ்ப்பாதியில். படியில் உட்கார்ந்துவிட்ட ஒருவர் தட்டுகிற உயரத்தில்.

"அக்கா?"

மழை.

"கத்தரின்க்கா?"

பின்னால், சோபாவிலிருந்து, பதில் வந்தது.

"குடிக்கல தாயி."

அவள் திரும்பினாள். ஷர்வின் கண் மூடித்தான் கிடந்தான். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது. அவளைத் தாயி என்று கூப்பிட இந்த வீட்டில் யாரும் இல்லை. அந்தச் சொல்லே இந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

"தண்ணி மட்டும் குடு."

தாழ்ப்பாளை எப்படி இழுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. படியில் யாரும் இல்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் வெறுங்காலோடு, "அக்கா! அக்கா!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு ஓடினாள். கத்தரின் கஞ்சிப் பாத்திரத்தைக்கூடக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டே தன் பழைய கன்சில் காரை எடுத்தாள். "யேசப்பா, யேசப்பா" என்பதைத் தவிர வழி முழுக்க அவள் வேறொன்றும் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசுத் தமிழ் டாக்டர். தினேஸ்வரி என்று சட்டையில் எழுதியிருந்தது. ஷர்வின் முகத்தருகே குனிந்தாள். கலாதேவி கண்ணை மூடிக்கொண்டாள். இப்போது மூக்கைச் சுளிப்பாள்.

டாக்டர் சுளிக்கவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் பார்த்தாள். அவ்வளவுதான், நாலு பேர் ஓடிவந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இனிப்பு நீர்மா, சர்க்கரை வியாதி. சின்னப் பிள்ளைங்களுக்கும் வரும். சீனியை உடம்பு எடுத்துக்க முடியலன்னா கொழுப்பை எரிக்கும். அது வாயில இப்படிப் பழம் அழுகின மாதிரி வாசம் அடிக்கும். தாகம், மூத்தரம், இளைப்பு, பெரிய மூச்சு, எல்லாம் அதுதான். இன்சுலின் போட்டாச்சு, தாங்கிடுவான். எத்தன நாளா இந்த வாசம்?"

"இன்னைக்குத்தான்" என்றாள் கலாதேவி. பிறகு, "வியாழக்கிழமையிலேர்ந்து." பிறகு குனிந்துகொண்டு, "நான் குடிச்சிட்டான்னு நெனைச்சேன் டாக்டர்."

"நெறையப் பேரு அப்படித்தான் நெனைப்பாங்க" என்றாள் அந்தப் பெண், அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை.

"பெரியவங்களுக்கும் வருமா? இதே வாசம்?"

"வரும்மா. தள்ளாடுவாங்க. தண்ணி தண்ணின்னு கேப்பாங்க. ஏன், வீட்ல யாருக்காச்சும் இருந்துச்சா?"

கலாதேவி வாயைத் திறந்தாள். உடனே கையால் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷர்வின் மூச்சு குறுகி, பிள்ளை மூச்சாகி இருந்தது. அவள் குனிந்து முகர்ந்து பார்த்தாள். ஒன்றுமில்லை. கொஞ்சம் மருந்து வாசம், கொஞ்சம் பால் வாசம். தீபன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். மாற்றுத் துணி எடுத்துவரக் கத்தரின் அவளை வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். "சீக்கிரம் வா, நான் பெட்ரோல் போட்டுட்டு வாரேன். ஆங், காலையிலேர்ந்து நம்ம லைனுக்கே தண்ணி இல்ல, குழாயத் தொறந்து வச்சிட்டு வந்துராத."

மழை விட்டிருந்தது. வெயில் அடித்தது. தெருவில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டினார்கள்.

சாவியை எடுத்த கை, சாவியைப் போடாமல் கதவை மூன்று தடவை தட்டியது. அது அவளாகச் செய்ததல்ல.

திறந்தாள்.

வாசம்.

பிள்ளை இல்லாத வீட்டில், சன்னல் சாத்திய வீட்டில், நேற்றைவிடக் கனமாக. இனிப்பு. புளிப்பு. அடுப்படியிலிருந்து.

மூச்சுச் சத்தமும் அங்கேதான். ஆழமாக. நீளமாக. நடுவில் ஓர் உறிஞ்சல். உறிஞ்சி, ஒன்றும் வராமல், மறுபடி உறிஞ்சல்.

ஓடிவிடலாம். கதவு பின்னால் திறந்துதான் இருந்தது. அவள் ஓடவில்லை. இன்னொரு தரம் முகத்தைத் திருப்ப அவளுக்கு வெட்கமாக இருந்தது.

தொட்டிக் குழாயைக் கட்டிக்கொண்டு, ஒரு முதுகு. காக்கிச் சட்டை. பால்மரக் கறை. ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் ஏறி, இறங்கி.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கையால் தடவிப் போய் ஃபிரிட்ஜின் மேலிருந்த நீலப் போத்தலை எடுத்தாள். நிறைய இருந்தது. மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள்.

"அப்பா. தண்ணி."

உறிஞ்சல் நின்றது.

சில்லென்று எதுவோ அவள் விரல் மேல் கவிந்தது. வெடித்த உதட்டின் சொரசொரப்பு. மடக். மடக். கையில் கனம் குறைந்துகொண்டே வந்தது. பாதி. கால். பிறகு வெறும் பிளாஸ்டிக்.

போத்தல் காலியாகிவிட்டது.

குடிக்கிற சத்தம் மட்டும் நிற்கவில்லை.