ஈச்சங்கொல்லைக் காப்பு

தலை எண்ணும் வேலை வந்தால் அது வாத்தியார்கள் தலையில்தான் விழும். 1981 மாசியில் எனக்கு விழுந்தது ஜவ்வாது மலை. "எட்டு மாசக் கைக்குழந்தை இருக்குதுங்க, திருப்பத்தூருக்குள்ளயே ஏதாவது ஒரு தெருவக் குடுங்க" என்று கெஞ்சிப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கஷ்டம் இருக்கத்தான் இருக்கும் என்று தாலுகா ஆபீசில் பதில் வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படிவங்களை அங்கேயே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

விடிகாலையில் பூங்கோதைக்குப் பால் கொடுத்து நாத்தனார் காந்தாவின் கையில் விட்டேன். என் மகளுக்குப் புட்டிப்பால் ஆகாது. வாயில் வைத்தாலே துப்பிவிடுவாள்.

"சாயங்கால பஸ்ஸுல வந்துடுவேன் அண்ணி."

"வந்து சேரு. லேட் பண்ணா புள்ளைக்கு நான் இன்னாத்த குடுக்கறது?" என்றாள் காந்தா.

மலைமேல் எனக்கு வழிகாட்டியவர் மாதையன். பனங்கொட்டை போல இறுகிய மனிதர், அதிகம் பேசமாட்டார். பதினொரு மணிக்குள் அவருடைய ஊரை எண்ணி முடித்துவிட்டேன். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து யாரும் திருத்தாத பழைய பட்டியலில் இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது. ஈச்சங்கொல்லை, பத்து வீடு.

வழி பிரியும் இடத்தில் மாதையன் நின்றுவிட்டார்.

"அங்க வேணாங்க டீச்சர். அந்தப் பக்கம் நாங்க ஆடுகூட ஓட்டறதில்லீங்க."

"ஏன், அங்க புலி ஏதாச்சும் கீதா?"

அவர் வழியோரம் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார். வேலைக்குச் சோம்பல்படுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வகுப்பில் தினமும் நாற்பது பேரைப் பார்க்கிறவள் நான். "நீங்க இங்கியே குந்தினு இருங்க, நான் போய்ட்டு வர்றேன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு நடந்தேன்.

பாதையின் குறுக்கே காய்ந்த முள் போட்டிருந்தது. மக்கிப்போன பழைய முள். செருப்புக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனேன்.

உச்சிவெயில். ஊருக்குள் நுழையும்போதே மஞ்சள் வாசனை. ஒவ்வொரு வாசலிலும் வேப்பிலை செருகியிருந்தது. திருவிழா போலிருக்கிறது, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், வேலை சட்டென்று முடியும் என்று சந்தோஷம்தான் பட்டேன். ஒரு நாய் குரைக்கவில்லை, ஒரு கோழி மேயவில்லை என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

ஊர் நடுவில் மஞ்சள் நனைத்த துணியோடு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்து வந்தாள். கையில் மஞ்சள் நூல்கண்டு.

"வாம்மா. கணக்கு எடுக்கத்தான வந்த? நாங்களும் அதுக்குத்தான் குந்தினுகீறோம்."

அவள் பெயர் மாணிக்கம்மாள். சாமிக்குக் காப்புக் கட்டும் நாள் என்று சொன்னாள். தலைக்கு ஒரு நூல். நான் ஒரு பெயரை எழுத, அவள் அந்தக் கையில் ஒரு நூலைக் கட்டுவாள். பரவாயில்லையே, இப்படி எல்லா ஊரும் ஒத்துழைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். கடைசிப் பெயரும் முடிந்தது.

"ஒன் கைய நீட்டு" என்றாள்.

"எனக்கு எதுக்கும்மா?"

"ஊருக்குள்ள வந்துட்ட இல்ல? வந்தவங்களும் கணக்குதான்."

பிரசாதம் மாதிரி ஒரு மரியாதை என்று நினைத்து நீட்டினேன். கட்டிக்கொண்டே என் ரவிக்கையைப் பார்த்தாள். நேரமாகியிருந்ததால் பால் கசிந்து நனைந்திருந்தது.

"மாரு கட்டிக்கிச்சே. பால் குடிக்கிற புள்ள கீதா?"

"இருக்கா. எட்டு மாசம்."

"பேரு?"

"பூங்கோதை."

"அப்ப ஒனக்கு ரெண்டு நூலு. பால் குடிக்கிற புள்ள ஆத்தாளோட சேந்த கணக்கு." இரண்டாவது நூலையும் என் கையிலேயே கட்டினாள்.

அப்போதுதான் அவள் விரல்களை அருகில் பார்த்தேன்.

கொப்புளங்கள்.

நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தேன். முகம், கழுத்து, கண்ணிமை வரை முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. பெரியம்மை நாட்டை விட்டே ஒழிந்துவிட்டது என்று ஐந்தாம் வகுப்புக்கு நானே பாடம் நடத்தியவள். பயந்துபோனேன். எனக்காக அல்ல. இந்தக் கையோடு போய்த்தானே என் குழந்தையைத் தூக்குவேன்?

படிவங்களை அள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"போவக்கூடாதும்மா" என்றாள் மாணிக்கம்மாள், சத்தமில்லாமல். "காப்பு அவுக்காம எல்லய தாண்டக்கூடாது."

"அவுத்து வுடுங்க!"

"பூசாரிதான் அவுக்கணும்."

"கூப்புடுங்க அவர!"

யாரும் அசையவில்லை. அவள் முதல் வீட்டைக் கைகாட்டினாள். திறந்த கதவுக்குள், தரையில், தலைவரை போர்த்திய ஓர் உருவம். மேலே வேப்பிலை காய்ந்து சருகாகக் கிடந்தது.

"மொதல்ல போனவரே அவுருதான்."

ஓடினேன்.

வந்த பாதைதான். ஒரே பாதைதான் அங்கே. எல்லையில் நின்ற புளியமரத்தைத் தாண்டினேன், சரிவில் இறங்கினேன், திரும்பினேன்.

எதிரே அதே ஊர்.

மறுபடி ஓடினேன். புளியமரம். சரிவு. திருப்பம்.

அதே ஊர். அதே வரிசை. தலைகள் மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தன.

மூன்றாம் முறை செருப்பு அறுந்தது. கைக்கடிகாரத்தில் மணி மூன்று. வெயில் மட்டும் உச்சியை விட்டு நகரவில்லை. என் நிழல் காலடியிலேயே கிடந்தது. நூலைப் பல்லால் கடித்தேன், கல்லால் தேய்த்தேன், ஓர் இழைகூட அறவில்லை. மார்பு கல்லாகிக் கனத்தது. அங்கே என் குழந்தை பசியில் கத்துகிறாள் என்று உடம்பே சொல்லியது. புளியமரத்தடியில் விழுந்து பெற்றவளைக் கூப்பிட்டு அழுதேன். இத்தனை வயதில் அப்படி அழுததில்லை.

மாணிக்கம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மஞ்சளுக்கு அடியில் வேறொரு வாடை வந்தது.

"எம் புள்ள பசியில செத்துடும். வுட்டுடும்மா."

"எம் புள்ளயும் கத்திச்சி" என்றாள். "ஜொரத்துல எனக்குப் பாலு வத்திப் போச்சி. காப்பு கீதேன்னுகூட பாக்காம பாலு கேக்க கீழ போனேன். முள்ளு போட்டு அடச்சிட்டு அந்தாண்ட நின்னானுங்க. வந்தா வெட்டுவோம்னானுங்க."

மடியைத் தடவினாள். மடி காலியாக இருந்தது.

"நீ போ. புள்ளயோட கணக்கு மட்டும் இங்கியே இருக்கட்டும். அது இருந்தாதான் நீ திரும்பி வருவ. சரியா?"

யோசித்தேனா? இல்லை. வெளியே போனால் போதும்.

"சரி" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைக்காக இன்றுவரை என்னை நான் மன்னிக்கவில்லை.

என் மணிக்கட்டில் இரண்டு முடிச்சுகளும் தாமாகவே நெகிழ்ந்தன. இந்த முறை திருப்பத்தில் ஊர் இல்லை. ஓடையைக் கடக்கும்போது இரண்டு நூலையும் உருவி, ஓடும் தண்ணீரில் எறிந்தேன். கைகளைத் தோல் உரியும்வரை மணல் போட்டுத் தேய்த்தேன்.

மாதையன் அங்கேயே காத்திருந்தார். என் கோலத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அந்த முள்ளு யாரு போட்டது?" என்று கேட்டேன்.

எனக்கு முன்னால் நடந்தார். பிறகு, "நாப்பது வருசத்துக்கு முன்ன அம்மா வந்துதுங்க. காப்புக் கட்டுன அடுத்த நாளே பூசாரி போய்ட்டாரு. அவுக்க ஆளில்ல, ஊரத் தாண்ட பயம். தாண்டி வந்தவங்களயும் எங்க ஊருல வுடல. பத்து வூடும் முடிஞ்சுதுங்க" என்றார். "முள்ளு வெட்டிப் போட்டதுல எங்கப்பாவும் ஒருத்தருங்க."

என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை அவர்.

வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். குழந்தையின் அழுகை தெருமுனைவரை கேட்கும் என்று நினைத்து வந்தேன். கேட்கவில்லை. உள்ளே ஓடினேன்.

பூங்கோதை தொட்டிலில் சிரித்துக்கொண்டு கிடந்தாள்.

"இன்னாத்துக்கு இப்பிடி ஓடியாற?" என்றாள் காந்தா. "நீதான் ஆள் அனுப்பி வெச்சியே."

"யார?"

"மலைக்கார அம்மா ஒருத்தங்க. டீச்சர் அனுப்புனாங்க, லேட்டாவும்னாங்க. புள்ள அலறுச்சா, எனக்கும் வேற வழி தெரியல. அவுங்களே மடியில போட்டுப் பால் குடுத்தாங்க. அப்பிடிக் குடிச்சா ஒம் பொண்ணு!"

குழந்தையின் வயிறு திம்மென்று இருந்தது. உதட்டோரம் பால் காய்ந்திருந்தது.

வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

மூன்று முறை வெட்டினோம். வெட்டிய ஒவ்வொரு முறையும் காய்ச்சல் கொதித்தது. விடியும்போது நூல் கையில் இருக்கும், காய்ச்சல் இறங்கியிருக்கும். நாலாம் முறை என் கணவர் கத்திரிக்கோலை எடுத்தபோது நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மை மட்டும் வரவில்லை. எட்டு வருடமாகிறது. மகள் வளர வளர நூலும் நீள்கிறது. ஒவ்வொரு மாசியிலும் ஒரு நாள், உச்சிவேளையில், அதில் புதுமஞ்சள் ஈரம் இருக்கும். நான் மலைப்பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. நான் திரும்பிப் போகாமலே இருந்துவிட்டால் என்ன செய்துவிட முடியும் என்று வீம்பாகத்தான் இருந்தேன்.

நேற்று மத்தியானம் பூங்கோதை பள்ளியிலிருந்து தனியாக வந்தாள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, ஸ்கூல் கேட்டாண்ட ஒரு அம்மா நின்னாங்க. ஒன்னோடது ஆத்துல போய்டுச்சாம். எடுத்துட்டு வந்தாங்களாம்."

மூடிய கையை விரித்தாள்.

மஞ்சள் நூல் ஒன்று. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.