மூடிய உறையில் ஒரு நகர்த்தல்

கறுப்புக் குதிரை ஒன்று பக்கவாட்டில் திரும்பி நின்றது.

மேசை ஓரத்தைத் துடைக்கும்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். பதினெட்டு வருடங்களாகச் சதுரங்கப் போட்டிகளில் நடுவராக இருப்பவள் அவள். அவள் கைபட்ட பலகையில் நான்கு குதிரைகளும் எதிராளியைப் பார்த்துத்தான் நிற்கும். காலையிலும் அப்படித்தான் நிறுத்தியிருந்தாள். இப்போது இந்த ஒன்று மட்டும் பலகையைத் தாண்டி, நடுவர் உட்காரும் மூன்றாவது நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தம்பி, குதிரையைத் திருப்பி வெச்சது நீதானே?"

"நான் சாப்பாட்டுத் தட்டை விட்டே எழுந்திருக்கல அண்ணி. பலகைப் பக்கம் போனா அண்ணன் தோக்கடிச்சிடுவாரு" என்றான் கொழுந்தன், கை கழுவிக்கொண்டே.

"இருபத்திரண்டு வருஷமா தோக்குற பய, இன்னும் பயம் போகல பாரு" என்று கணவர் சிரித்தார்.

அவள் குதிரையைத் திருப்பி வைத்தாள். அதன் அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி ஈரமாக இருந்தது. விரலை முகர்ந்து பார்த்தாள். துருப்பிடித்த குழாயை மழைக்காலத்தில் திறந்தால் வருமே, அந்த வாசனை.

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மூன்று வருடங்களாகச் சதுரங்க வரலாற்றின் விசித்திரமான ஆட்டங்களைத் தொகுத்துக்கொண்டிருந்தார். பாதியில் ஆடியவர் இறந்துபோக, மகன் அஞ்சல் அட்டைகளில் ஆடி முடித்த ஆட்டம்; கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடியவர் வென்ற ஆட்டம்; தோற்றுவிட்டதாக நினைத்துக் கைகுலுக்கிய பிறகு, ஜெயிக்க வழி இருந்ததைக் கண்டுபிடித்த ஆட்டம். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் பலகையில் ஆடிச் சரிபார்ப்பது வீட்டு வழக்கம். அவள் குறிப்பைப் படிப்பாள்; வெள்ளைக் காய்களைக் கணவரும் கறுப்பைக் கடிகாரம் பழுதுபார்க்கும் கொழுந்தனும் நகர்த்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் வீட்டில் இதுதான் கூத்து.

"ராணியைக் கொடுத்து ஜெயிச்ச ஆட்டம்தான் காலத்துக்கும் நிக்கும்" என்பார் கணவர்.

"அதெல்லாம் கல்யாணம் ஆகாதவங்க ஆடினது" என்பாள் அவள்.

இன்றைக்குக் கடைசி ஆட்டம். பழைய சதுரங்க மன்றத்தை மூடியபோது அதன் காவலாளி ஒரு பெட்டியைக் கொடுத்திருந்தார். பலகை, காய்கள், ஆளுக்கொரு முகமாக நேரம் ஓடும் இரட்டைமுகக் கடிகாரம், ஆட்டக் குறிப்பு, ஒட்டிய உறை ஒன்று. ஆடியவர்கள் அண்ணன் தம்பியாம். பெயர் இல்லை. நாற்பது நகர்த்தல்கள் ஆகியும் ஒரு சிப்பாய்கூட வெட்டுப்படவில்லை; குறிப்பின்படி அவள் காலையில் நிறுத்திவைத்த முப்பத்திரண்டு காய்களும் மூச்சுவிட இடமில்லாமல் பலகையில் நெருக்கிக்கொண்டு நின்றன. அந்த விசித்திரத்துக்காகவே கணவர் அதைப் புத்தகத்தின் கடைசியில் வைத்திருந்தார்.

ஆட்டம் அங்கே மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் அப்படித் தள்ளிவைத்தால், அடுத்து ஆட வேண்டியவர் தன் நகர்த்தலை ரகசியமாக எழுதி உறையில் போட்டு ஒட்டி நடுவரிடம் தருவார். மறுநாள் நடுவர் உறையைப் பிரித்து, அதைத் தன் கையாலேயே பலகையில் ஆடிக்காட்டிக் கடிகாரத்தை ஓடவிடுவார்.

இந்த உறையை யாரும் பிரிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குக் காவலாளி சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. "இதை மட்டும் யாரும் பிரிக்கலம்மா. ஆடினது என்னவோ ரெண்டு பேர்தான். விடியறதுக்குள்ள அந்த அறையிலேர்ந்து தூக்கிட்டுப் போனது மூணு பேரை."

"வயசானவர், ஏதோ உளறுறாரு" என்று கணவர் அன்றைக்கே ஒதுக்கிவிட்டார்.

மழை பிடித்துக்கொண்டது. சன்னல்களைச் சாத்திவிட்டு அவள் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். கணவர் உறையையும் கத்தரிக்கோலையும் அவள் பக்கம் தள்ளினார்.

"பிரிங்க நடுவரம்மா. நாற்பத்தொன்றாவது நகர்த்தல் என்னன்னு தெரியாம என் புத்தகம் முடியாது."

அவள் மனம் ஒரு நொடி பின்வாங்கியது. கை பின்வாங்கவில்லை. எத்தனை உறைகளைப் பிரித்த கை! ஓரத்தை நறுக்கி, தாளை விரித்து, படித்து, வெள்ளைக் குதிரையை எடுத்துக் கறுப்புச் சிப்பாயை வெட்டி, கடிகாரத்தின் தலையிலிருந்த நெம்பை அழுத்தி முடித்த பிறகுதான் அவளுக்குத் தான் செய்தது உறைத்தது.

குறிப்பை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். ஆடியிருக்க வேண்டாம். ஆட்டத்தைத் தொடங்கிவைக்க நடுவருக்கு மட்டும்தான் உரிமை. அவள் தொடங்கிவிட்டாள்.

கடிகாரம் ஓடியது. டிக். டிக்.

"தம்பி, இது ஓடாதுன்னு சொன்னியே?"

"உள்ளே ஸ்பிரிங்கே இல்ல அண்ணி" என்றான் அவன் மெதுவாக. அவன் கண் பலகையை விட்டு நகரவில்லை.

அண்ணனும் தம்பியும் ஒரேமாதிரி முகவாயைக் கையில் தாங்கிக் குனிந்திருந்தார்கள். மழைச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டதுபோல இருந்தது. துரு வாசனை மட்டும் மேசை இடுக்கிலிருந்து, பலகைக் கட்டங்களின் நடுவிலிருந்து, அவள் கையிலிருந்த சிப்பாயின் ஈரத்திலிருந்து மெல்ல மெல்ல ஏறி, தொண்டைக்குள் இறங்கி, நாக்கில் ருசியாகவே தங்கிவிட்டது.

கணவர் கையை நீட்டினார். தம்பியின் இடது கையைப் பிடித்தார். காய்ச்சல் பார்ப்பதுபோல அவ்வளவு அன்பாக. சுண்டுவிரலைத் தனியே பிரித்தெடுத்தார். பின்பக்கமாக மடக்கினார்.

காய்ந்த குச்சி ஒடிவதுபோலச் சத்தம் கேட்டது.

"நல்ல நகர்த்தல்ணா" என்றான் தம்பி. முகத்தில் சுளிப்பே இல்லை.

"என்னங்க!"

எழப்போனாள். முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால்கள் யாருடையவையோபோல நாற்காலியிலேயே கிடந்தன. கத்தினாள். மழை அதைத் தின்றது. பலகையைக் கலைக்கக் கை நீட்டினாள்.

இரண்டு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. "நடுவர் காய்களைத் தொடக்கூடாது" என்றன இரண்டு வாய்களும். அந்தக் குரல் அவள் வீட்டுக் குரல் இல்லை.

தம்பி ஆடினான். கறுப்புச் சிப்பாய் வெள்ளைக் குதிரையை வெட்டியது. அவன் நெம்பை அழுத்தினான். கத்தரிக்கோலை எடுத்தான். அண்ணனின் தலைமுடியை ஒதுக்கிவிட்டான், முடி வெட்டுகிறவன் ஒதுக்குவதுபோல. இடது காதைப் பிடித்தான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். காதுகளை மூட முடியவில்லை.

திறந்தபோது காது மேசையில், வெட்டுப்பட்ட குதிரைக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கணவரின் சட்டைக் காலர் சிவந்துகொண்டே வந்தது. அவர் ஆடினார். யானை, கறுப்புக் குதிரையை வெட்டியது. கத்தரிக்கோல் தம்பியின் இடது புறங்கையில் இறங்கி, உள்ளங்கை வழியே வந்து, மேசை மரத்தில் குத்தி நின்றது.

டிக். டிக்.

தம்பி அதைப் பிடுங்கினான். ராணியால் யானையை வெட்டினான். அண்ணனின் முழங்கை மடிப்பில் நீளமாக ஒரு கோடு கிழித்தான். ஆழமாக. ரத்தம் துடித்துத் துடித்து வந்தது. மேசை விளிம்பில் வழிந்து தரையில் சொட்டியது.

இப்போது கணவரின் முறை.

அவர் கை வெள்ளை ராணியின் மேல் போனது. நின்றது. முதல்முறையாக அவர் அவளைப் பார்த்தார். கண்கள் மட்டும் அவருடையவையாக இருந்தன, நிறைந்திருந்தன. அந்தக் கண்கள் வேண்டாம் வேண்டாம் என்று கதறிக்கொண்டிருக்க, கை ராணியைத் தள்ளிக்கொண்டுபோய், கறுப்புச் சிப்பாய் வெட்டக்கூடிய கட்டத்தில் வைத்துவிட்டு, நெம்பை அழுத்தியது.

ராணியைக் கொடுக்கிறார்.

காய்களைத் தொடத்தான் கூடாது. கடிகாரம்? கடிகாரம் நடுவருடையது. எட்டி நெம்பைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். இரண்டு முகங்களும் நின்றன. இரண்டு பேரும் அப்படியே உறைந்தார்கள்.

"ஆட்டம் தள்ளிவைக்கப்படுது" என்றாள், பல் கிட்டிக்க.

தம்பி தலையாட்டினான். விதி அவனுக்கும் தெரியும். அடுத்த முறை அவனுடையது. தாளை இழுத்து எழுதினான். பழைய உறையிலேயே போட்டான். அவள் நறுக்கிய உறையின் வாய் ரத்தத்தாலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினான். கத்தரிக்கோலை அவள் முன்னால் வைத்தான். மறுபடி உறைந்தான்.



சொட்டு. சொட்டு. கடிகாரம் நின்றது. சொட்டுவது மட்டும் நிற்கவில்லை.

அவள் கால்கள் அசையவில்லை. கணவர் எழவில்லை. அவர் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. ஆட்டம் முடியாமல் யாரும் எழப்போவதில்லை. அவர் இப்படியே உட்கார்ந்து வடிந்துபோவார், கைக்கெட்டும் தூரத்தில்.

உறை நனைந்து எழுத்து வெளியே தெரிந்தது. அவள் எதிர்பார்த்ததுதான். சிப்பாய், ராணியை வெட்டுகிறது.

பலகையைப் பார்த்தாள். பதினெட்டு வருடப் பழக்கம் தானாகவே கணக்குப் போட்டது. சிப்பாய் ராணியை வெட்டினால் பாதை திறக்கிறது. அடுத்ததிலேயே வெள்ளை முடித்துவிடும். ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. ஆட்டம் அதற்கு முன்பே முடிந்துவிடும். இரண்டே நகர்த்தல். அவர் பிழைப்பார். தம்பியும் பிழைப்பான். ராணிக்காகப் போவது அவள் ஒருத்தி மட்டும்தான்.

கணவரின் கன்னத்தைத் தொட்டாள். சில்லென்றிருந்தது. "புத்தகம் முடிஞ்சிடும்ங்க" என்றாள்.

கத்தரிக்கோலை எடுத்து உறையை நறுக்கினாள். கறுப்புச் சிப்பாயை நகர்த்தினாள். வெள்ளை ராணியைப் பலகையிலிருந்து எடுத்தாள். அடித்துணி சூடாக இருந்தது. நெம்பை அழுத்தினாள்.

டிக்.

அப்போதுதான் காவலாளி சொன்னது மறுபடி காதில் கேட்டது. மூணு பேரை. ஒருத்தரை இல்லை.

பலகையில் மிச்சமிருந்த இரண்டு குதிரைகளும், வெட்டுப்பட்டு மேசையில் கிடந்த இரண்டும் அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன. கணவரின் கை, ஜெயிக்கும் நகர்த்தலுக்குப் போகாமல், அவளுடைய தோளைப் பின்னாலிருந்து அணைத்துப் பிடித்துக்கொண்டது. எதிரே கொழுந்தன், கண்ணீர் தாடையில் வழிய, கத்தரிக்கோலைத் திருப்பித் தரச் சொல்லிக் கையை நீட்டினான்.

"கொடுங்க அண்ணி" என்றான். "நேரம் ஓடுது."