எல்லோரும் தாயான ஏழு நிமிடம்

"நீங்கள் நிரஞ்சனாவின் தாய் அல்ல" என்று ஆஸ்பத்திரியின் பேசும் சுவர் மூன்றாவது முறையாகச் சொன்னபோது, செருப்பைக் கழற்றி அதை அடிக்கலாமா என்று செவ்வந்திக்குத் தோன்றியது. உள்ளே குடல்வால் வெடித்துக் கிடந்தாள் நிரஞ்சனா. தாயின் ஒப்பம் இல்லாமல் அறுவை அரங்கின் கதவு திறக்காது.

சொற்களின் பொருளை இயந்திரங்களுக்குப் புரியவைக்கும் பொருள்வலை வந்த பிறகு ஆஸ்பத்திரி, வங்கி, ரயில், ரேஷன் எல்லாம் தாமாகவே ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. அதற்காக ஒவ்வொரு சொல்லுக்கும் வரையறை எழுதி வைத்திருந்தார்கள். தாய் என்றால் பெற்றவள். அல்லது நீதிமன்றம் வழியாகத் தத்தெடுத்தவள். அந்த வரியை ஏற்றிய வரையறையாளர்களில் செவ்வந்தியும் ஒருத்தி. திருநங்கைகள் தங்கள் சமூகக் கூட்டமான ஜமாத்தின் முன்னால் ஒருத்தியை மகளாக ஏற்கும் வழக்கத்தையும் சேருங்கள் என்று அப்போதே மன்றாடினாள். நிரஞ்சனாவை அவள் மகளாக ஏற்றதும் அப்படித்தான். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா" என்றார் தலைமை வரையறையாளர் தர்மராஜன். அந்த அப்புறம் ஆறு வருடமாக வரவில்லை.

"பெத்தவங்களுக்குப் போன் போட்டேன்க்கா, பேரைச் சொன்னதுமே வச்சிட்டாங்க" என்றாள் வரவேற்பு மேசை எஸ்தர். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாத. அந்தத் தொடுபலகையை இங்க தள்ளு."

நிரஞ்சனாவின் பையில் மடித்த காகிதம் ஒன்று எப்போதும் இருக்கும். அவள் முதன்முதலாகப் புடவை கட்டிய அன்று பெற்றவள் நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கொடுத்தது: 'நான் இவளுக்குத் தாய் இல்லை.' பிறப்புப் பதிவு மாறாது என்பது வலையின் விதி. தாய்மை பற்றிப் பெற்றவள் சத்தியம் பொய்க்காது என்பதும் விதி. இரண்டும் மோதினால் என்ன செய்வது என்று எவரும் எழுதவில்லை. தாய் விஷயத்தில் முரண்பாடு வராது என்று அதைச் சோதிக்கும் காவலையே எடுத்துவிட்டிருந்தார்கள், வேகத்துக்காக.

"அக்கா, வேலை போயிரும். ஜெயில்கூட..."

"போகட்டும். ஒரு பொய்கூட எழுதலையே நான்!"

காகிதத்தை வலையில் ஏற்றினாள். தாய் உண்டு, தாய் இல்லை என்ற இரண்டையும் வலை உண்மை என்று விழுங்கியது. அப்படி விழுங்கிய தர்க்கத்தில் எதை வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். வலையும் நிரூபித்தது: எல்லோரும் எல்லோருக்கும் தாய். மேயர் ஒரு ரயில் எஞ்சினுக்குத் தாயானார்.

"நீங்கள் நிரஞ்சனாவின் தாய்" என்றது சுவர். செவ்வந்தி ஒப்பமிட்டாள், கதவு திறந்தது.

ஏழாவது நிமிடத்தில் வலையை நிறுத்திச் சுத்தம் செய்தார்கள். பதறிப்போய் ஒரு புது விதியும் போட்டார்கள்: ஒருத்தியின் தாய்மைப் பதிவை அவள் ஒப்பமின்றி இனி யாரும் நீக்க முடியாது. ஆஸ்பத்திரியின் கோப்பில் செவ்வந்தி ஒப்பமிட்ட ஒரே ஒரு பதிவு தங்கியிருந்ததை விதி போட்ட பிறகுதான் கவனித்தார்கள்.

நாலாம் நாள் காலை தர்மராஜனே வார்டுக்கு வந்தார். செவ்வந்தியை வேலையிலிருந்து நீக்கிய உத்தரவைக் கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கிப் பலகையை நீட்டினார்.

"அந்தத் தப்பான பதிவை எடுக்கணும்மா. இங்க ஒரு ஒப்பம் போட்டா போதும்."

"யாருன்னு போடணும் சார்?"

அவர் தரையைப் பார்த்தார். "தாய்னு."

கட்டிலில் நிரஞ்சனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தையல் வலித்தும் அவளால் அடக்க முடியவில்லை.

"சிரிக்காதடி, பிரிஞ்சிரப் போகுது" என்று அதட்டிவிட்டு, செவ்வந்தி பலகையை அவரிடமே திருப்பித் தந்தாள்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார். என் மகளுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம்."