கொடிக்காலுக்குள் இருமல்

இருமல் தப்பான திசையிலிருந்து வந்தது.

சோலை வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். பிற்பகல் மூன்று மணி இருக்கும். வெளியே சோழவந்தான் வயல்களின் மேல் வெயில் கொதித்துக்கொண்டிருந்தாலும் கொடிக்காலுக்குள் எந்நேரமும் மசங்கல்தான். அகத்தி மரங்கள் நெருக்கியடித்து நின்று வானத்தை மறைத்துவிட, அவற்றில் படர்ந்த கொடிகள் இரண்டு பக்கமும் பச்சைச் சுவராக எழும்ப, நடுவில் ஓடும் வாய்க்காலின் சேற்று வாடையும் வெற்றிலையின் காரமும் கலந்து, வியர்த்த கழுத்தில் ஈரத்துணிபோல் ஒட்டிக்கொள்ளும். அந்த மசங்கலுக்குள், ஏழெட்டுப் பாத்தி தள்ளி, அவன் மனைவி சுபலட்சுமி இருமினாள். கட்டையாக இரண்டு. பிறகு, அடியிலிருந்து எதையோ பிடுங்குவதுபோல் நீளமாக ஒன்று.

அந்த இருமலை அவனுக்குத் தெரியும். எழுபது நாளாகக் கேட்கிறான். ஆனால் சுபலட்சுமி கொடிக்காலில் இல்லை. கொடிக்கால் முடிகிற இடத்திலிருந்த வீட்டின் பின்னறையில், ஆக்சிஜன் மெஷினோடு படுத்திருக்கிறாள். வீடு அவனுக்கு முதுகுப் பக்கம் இருந்தது. சத்தம் வந்தது முன்னாலிருந்து.

"சங்கிலி, யாரும் இருமுனாகளா?"

பக்கத்துப் பாத்தியில், கட்டைவிரலில் இரும்பு நகம் மாட்டிக் கிள்ளிக்கொண்டிருந்த சங்கிலி தலையை நீட்டினான். "இந்தக் காட்டுக்குள்ள நீயும் நானுந்தேன் மாப்ள. நான் இருமுனா பீடி வாடை வருமே, வந்துச்சா?"

வரவில்லை.

சோலை கையிலிருந்த வெற்றிலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினான். பின்னறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். சுபலட்சுமி கண்ணை மூடிக் கிடந்தாள். மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அவன் தங்கை அன்னக்கொடி மாஸ்க்கோடு கட்டிலுக்கருகே விசிறிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தேன் அண்ணே மதினி கண் அசந்தாக," என்றாள் மெதுவாக. "அரை மணி நேரமா இருமலே இல்ல. நல்லாயிரும் பாரு."

மூன்று வருடத்துக்கு முன்பு சோலை தன் சிறுநீரகம் ஒன்றை மனைவிக்குக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அவளுக்குத் தினமும் மாத்திரை. வெளியாளின் உறுப்பு என்று உடம்பு அதைக் கொன்றுவிடாமலிருக்க, உடம்பின் காவலை அந்த மாத்திரைகள் தூங்கவைக்கும் என்று டாக்டர் விளக்கியிருந்தார். அவனுக்காகத்தான் காவல் தூங்கியது. அதனால் அவள் கல்யாணம் காட்சிக்குப் போகவில்லை, பஸ் ஏறவில்லை, ஊரே மாஸ்க்கைத் தூக்கி எறிந்த பிறகும் அவள் எறியவில்லை.

இரண்டரை மாதத்துக்கு முன்பு அன்னக்கொடி மகளுக்குப் பூப்புச் சடங்கு வந்தது. தாய்மாமன் சோலை. மாமன் பெண்டாட்டி தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் சடங்கு நடக்காது. பத்து நிமிடம்தான் என்று கூட்டிப்போனான். ஊற்றி முடித்ததும் போட்டோ எடுத்தார்கள். "மொகமே தெரியலையே தாயி," என்றார்கள். சுபலட்சுமி அவனைப் பார்த்தாள். "போட்டோவுக்கு மட்டும் எறக்கு," என்று சொன்னவன் சோலைதான். வேறு யாரும் இல்லை.

அங்கே தும்மிக்கொண்டிருந்த நான்கு பேரும் நான்கே நாளில் எழுந்து வேலைக்குப் போனார்கள். இவளை மட்டும் அது விடவில்லை. இரண்டு முறை மதுரைக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, இரண்டு முறையும் கூட்டிவந்தாயிற்று. ஒவ்வொரு சோதனையிலும் கிருமி இருக்கிறது, இருக்கிறது என்றே வந்தது. "விரட்ட ஆள் இல்லாததுனால உள்ளயே தங்கிருச்சு," என்றார் டாக்டர். "தங்கத் தங்க அதுவும் மாறிக்கிட்டே இருக்கும்."

சுபலட்சுமி கண் திறந்தாள். ஜன்னலில் அவனைக் கண்டதும் உதடு கோணி லேசாகச் சிரித்தாள்.

"நம்மாளு எப்படி இருக்கான்?" என்று கேட்டான் சோலை. தன் சிறுநீரகத்தை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

அவள் வலது அடிவயிற்றைத் தடவிக்கொண்டாள். "உங்கள மாதிரியேதேன் மாமா. சொன்ன வேலையச் செய்வான். சொல்லாட்டி... தூங்கிருவான்."

இதைச் சொல்ல அவளுக்கு நான்கு மூச்சு தேவைப்பட்டது.

மறுநாளும் கொடிக்காலில் இருமல் கேட்டது. ஐந்து பாத்தி தள்ளி. அன்று வீட்டில் அவள் மூன்றே முறைதான் இருமினாள் என்றாள் அன்னக்கொடி. அதற்கு அடுத்த நாள் மூன்று பாத்தி தள்ளி. வீட்டில் ஒரே ஒரு முறை. கொடிகளின் மறைவில் ஈரமான மூச்சு இரைந்து இரைந்து அடங்குவதை, இலைமேல் எச்சில் தெறிப்பதுபோன்ற மெல்லிய சத்தத்தை, பிறகு யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு காத்திருக்கும் அமைதியை அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். சங்கிலிக்குக் கேட்கவில்லை.

பயத்துக்கு நடுவே சோலைக்கு ஒன்று புரிந்தது. புரிந்ததாக நினைத்தான். அது அவளை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் குறைவதெல்லாம் இங்கே வந்து சேர்கிறது.

சிறுவயதில் அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது வீட்டில் யாரும் அதை நோய் என்று சொன்னதில்லை. வேப்பிலை செருகி, மஞ்சள் தண்ணீர் வைத்து, வந்தவளிடம் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள்: எறங்கிரு தாயி, குளுந்து போயிரு தாயி. திட்டினால் போகாது. கெஞ்சினால் போகும். அப்படித்தான் அவனுக்கும் இறங்கியது.

அன்று சாயங்காலம் வாய்க்கால் கரையில் வேப்பங்கொத்து நட்டான். சொம்பில் மஞ்சள் தண்ணீர் வைத்தான். கொடியிலேயே நல்ல இலையாக இரண்டு கிள்ளி அதன் முன்னால் வைத்து, இருமல் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டான்.

"அவ உடம்புல இருந்தது போதும் தாயி. அவளால தாங்க முடியல. எறங்கி வந்துரு. முழுசா வந்துரு."

இருமல் நின்றது. கொடிக்கால் முழுக்க, ஒரு இலைகூட அசையாமல், எதுவோ அவன் சொன்னதை யோசித்தது.

மறுநாள் சங்கிலி வரவில்லை. அலங்காநல்லூரில் கொழுந்தியாள் வீட்டுக் கிடாவெட்டு என்று முன்பே சொல்லியிருந்தான். சோலை தனியாகக் கிள்ளினான். பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. மைனா இல்லை. தவளை இல்லை. வாய்க்கால் தண்ணீர்கூடச் சத்தமில்லாமல் போனது. பொழுது சாய்ந்து, அகத்தி இலைகளின் சந்தில் விழுந்த வெளிச்சம் மஞ்சளாகி, செம்பாகி, அணைகிற நேரத்தில் இருமல் கேட்டது.

பின்னால்.

கைக்கெட்டும் தூரத்தில்.

அவன் திரும்பினான்.

பாத்திக்கு நடுவில் சுபலட்சுமி நின்றாள்.

படுக்கையில் போட்டிருந்த அதே நைட்டி. நனைந்திருந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாயின் தடம். முழங்கால் வரை சேறு. குளிரில் நடுங்குகிறவளைப்போல் கைகளை மார்போடு கட்டியிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. வழி தவறியவளின் முகம்.

"சுபா?"

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. கட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

சட்டைப்பையில் போன் அடித்தது. அன்னக்கொடி.

"அண்ணே! ஓடியாண்ணே!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள். "மதினி எந்திரிச்சு உக்காந்துட்டாக! மெஷினத் தானே கழட்டிப் போட்டாக! ரெண்டு கும்பா கஞ்சி குடிச்சாச்சு, இன்னும் கொண்டாங்கிறாக! இந்தா, பேசு, பேசு."

"மாமா."

அவள் குரல். கரகரப்பு இல்லை. இரைப்பு இல்லை. மூன்று வருடத்துக்கு முந்தின குரல்.

"இன்னுமா அங்க நிக்கிறீக? வாங்க மாமா. எனக்கு எல்லாம் சரியாப் போச்சு."

எதிரே நின்றவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம். பிறகு வலது கையைத் தன் அடிவயிற்றில் வைத்து அமுக்கிக் காட்டினாள். துணி உள்ளே போனது. கை உள்ளே போனது. அங்கே ஒன்றும் இல்லை. அவன் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வர அவளால் முடிந்திருக்கவில்லை.

சோலைக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு உடம்புக்குள் அவளும் அந்த நோயுமாக இரண்டு பேர் இருந்தார்கள். இறங்கி வா என்று கெஞ்சினான். எது பலமானதோ அது அசையவில்லை. அவன் சொன்னால் கேட்டுப் பழகியவள் இறங்கி வந்துவிட்டாள்.

"திரும்பிப் போ சுபா. போயிரு, உள்ள போயிரு..."

அவள் வீட்டுப் பக்கம் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் அவளை நோக்கிக் கை நீட்டினான். ஈரக் காற்றுதான் அகப்பட்டது. போனில் அந்தக் குரல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்னக்கொடி அங்கே தனியாக இருக்கிறாள் என்ற நினைப்பு வந்ததும் அவன் வரப்பில் ஏறி ஓடினான். பின்னால் இருமல் தொடர்ந்து வந்தது. இளைத்தது. பின்தங்கியது.

பின்னறையில் எல்லா விளக்கும் எரிந்தன. மெஷின் அணைந்திருந்தது. கட்டில் விளிம்பில் அது உட்கார்ந்திருந்தது. சுபலட்சுமியின் கன்னம். சுபலட்சுமியின் பல்வரிசை. அன்னக்கொடி மாஸ்க்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதன் முகத்தை வழித்து நெட்டி முறித்தாள். "கண்ணு பட்டுறப் போகுது! பாருண்ணே, எப்படி இருக்காக!"

"அன்னம், வெளிய போ."

"ஏண்ணே?"

"போன்னு சொல்றேன்ல!"

அவள் புரியாமல் போனாள். அது இரண்டு கைகளையும் விரித்தது.

"கிட்ட வாங்க மாமா. இனிமே ஒண்ணுஞ் செய்யாது."

எழுபத்து மூன்று நாளாக அவன் அந்த உடம்பைத் தொட்டிருக்கவில்லை. அந்தக் கையில் அவன் போட்ட வளையல். உள்ளே எங்கேயோ அவன் உடம்பின் ஒரு துண்டு, இன்னும் உயிரோடு, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. தெரிந்தேதான் போனான். அது அவனை இறுக்கி அணைத்துக்கொண்டது. சூடு. நல்ல சூடு.

அதன் தோளுக்குமேல் ஜன்னல் தெரிந்தது. வெளியே, இருட்டத் தொடங்கியிருந்த கொடிக்காலின் முன்னால், சுபலட்சுமி கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவன் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். இப்போது இருமல்கூட வரவில்லை.

அவன் காதோரம் அது மூச்சை இழுத்தது. இழுத்தது. விடவே இல்லை. இழுத்துக்கொண்டே இருந்தது.