மணல் ஒதுக்கும் சத்தம்

பாறைக்குக் கீழே மறுபடியும் மணல் இல்லை. தொட்டியின் அந்த ஒரு மூலையில் மட்டும் அடிக்கண்ணாடி வெறுமையாகத் தெரிந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் மலர்க்கொடி கையை விட்டு அதை நிரவிவிட்டுப் போயிருந்தாள்.

சாலவாக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய வீடு. கரு கலைந்து அவள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மனசு கொஞ்சம் மாறட்டும் என்று புருஷன் வேதகிரி காஞ்சிபுரத்திலிருந்து அந்தக் கடல்மீன் தொட்டியை வாங்கிவந்து கூடத்தில் வைத்தான். வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு மீன்கள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. அவள் எழுந்து நடமாடத் தொடங்கினாள். அவன்தான் உட்கார்ந்துவிட்டான். வயல் பக்கம் போவதில்லை. சின்ன மீன் வாலை அடித்து அடித்து மணலை ஒதுக்குவதைத் தொட்டிக்கு முன்னால் குந்தியபடி இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்று அவன் அங்கே இல்லை. விளக்கு வைக்கிற நேரம், அடைமழை, கரண்ட் இல்லை. வண்டி வாசலில்தான் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தாள். வீடு முழுக்க ஒரு வாடை. ஏரியின் பாசி வாடை அவளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இது அதுவல்ல, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் உப்புக் கவிச்சி. தொட்டியில் ஏதோ செத்துக் கிடக்கிறதோ என்று பயந்து, வளர்ப்புமீன் கடை அப்துல் பாசித்துக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, அந்தச் சின்ன மீனு பள்ளம் தோண்டிக்கினே கீதுண்ணே. சீக்கு கீக்கு எதனாவா?"

பாசித் சிரித்தார். "பேஜாரே இல்லம்மா, நல்ல சேதிதான். முட்ட வைக்க எடம் பண்ணுது. சின்னதுதான் ஆம்பள. மணல ஒதுக்கும், பாறைய வாயாலயே கடிச்சி சுத்தம் பண்ணும். அப்ப மட்டும் கைய வுடாத, கடிச்சிடும்."

"பெருசு?"

"அது பொம்பள. எல்லாம் ரெடியானப்புறம் மெதுவா வரும். வந்தா, சின்னது அதும் முன்னாடி ஒடம்ப வெடவெடன்னு ஆட்டும். பயத்துல இல்ல, அடக்கத்துல."

சரக். சரக். மணல் எதிலோ மோதும் சத்தம்.

போன் விளக்கைத் தொட்டிப் பக்கம் திருப்பினாள். இரண்டு மீன்களும் அசையவில்லை. கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு படுக்கையறையையே பார்த்துக்கொண்டிருந்தன.

சரக்.

"அம்மா? கேக்குதா?" என்றார் பாசித். லைன் அறுந்தது.

சத்தம் படுக்கையறையிலிருந்து வந்தது. நடந்தாள். காலடியில் ஈரமண் நெறுநெறுத்தது. கதவைத் தள்ளினாள்.

கட்டில் ஓரமாகக் கிடந்தது. சிமெண்ட் தரை பெயர்ந்திருந்தது. சுவரை ஒட்டி வட்டமாக, விளிம்பெல்லாம் வழவழப்பாகத் தடவிவிட்ட பள்ளம். கடப்பாரை இல்லை, மண்வெட்டி இல்லை. வேதகிரி உள்ளே மண்டியிட்டு, நகம் பிய்ந்த கைகளால் மண்ணை ஒதுக்கிக்கொண்டிருந்தான். பிறகு சுவரில் வாயை வைத்தான். பல்லால் சுரண்டினான். உதடெல்லாம் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் ரத்தம்.

"ஏங்க... இன்னாங்க இது? எழுந்து வாங்க."

தோளைத் தொட்டாள்.

கடித்தான்.

மணிக்கட்டில் சூடாக வழிந்தது. அவன் கண்கள் இமைக்கவில்லை.

"தள்ளிப் போ மலரு. இது ஒனக்கு இல்ல."

அவள் பின்வாங்கினாள். ஒரு அடி. அதற்குள் அவன் பார்வை அவளைத் தாண்டிப் போய்விட்டது. அவள் தலைக்கு மேலே. இன்னும் மேலே. முகம் குழைந்தது. தாலி கட்டியபோதுகூட அவனிடம் அவள் பார்க்காத பணிவு. தலையைத் தாழ்த்தினான். பக்கவாட்டில் திரும்பினான். அவன் உடம்பு வெடவெடவென்று ஆடத் தொடங்கியது.

கூடத்தில் ஈரமாக ஏதோ இழுபடும் சத்தம். கவிச்சி நெருங்கி வந்தது. திரும்பக் கழுத்து வரவில்லை.

மின்னல் வெட்டியது.

சுரண்டி வெளுத்த சுவரில் அவள் நிழல். அதை முழுசாக விழுங்கிக்கொண்டு இன்னொரு நிழல். உத்தரம் வரை உயரம். புடைத்த வயிறு.

அவள் பிடரியில் சில்லென்று ஒரு சொட்டு விழுந்தது.

வேதகிரி ஒதுங்கி வழிவிட்டான்.